இருமுறை பதவி விலகிய பொறியியலாளர்

2006 டிசம்பரிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் ஜொகூர் மாநிலத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கோத்தா திங்கியில் சேற்றைக் கழுவி வீட்டைக் காயவைத்த மக்கள், சில வாரங்களுக்குள் இரண்டாம் முறையும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருந்தது. அதே ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில், பண்டார் தெங்காராவைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் லிங்கியு நீர்த்தேக்கம் இருக்கிறது. அது 2016 அக்டோபரில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காக வற்றிப்போனது. ஒரே ஆறு, ஒருமுறை ஊரை மூழ்கடிக்கிறது, ஒருமுறை குழாயை வறளவிடுகிறது. அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நீர் என்பது பாடநூலில் வரும் ஒரு பகுதி மட்டுமன்று.

நீரோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டிய ஒரு பொறியியலாளரின் வரலாற்றை எழுதத் தூண்டியது இந்த நினைவுதான். அவர் பெயர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. தமிழ் மாணவர்களின் ஆண்டு மலரில் மைசூர்க்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜசாகர் அணையை எழுப்பியவர் இவர். தஞ்சை, திருச்சி வட்டாரங்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த ஆற்றோடு ஒட்டும் உறவும் விட்டுப்போகவில்லை. ஆகவே இவரைத் தெரிந்துகொள்ள நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் உண்டு. பாராட்டவும் உண்டு, கேள்வி கேட்கவும் உண்டு.

கோலார் வட்டாரத்தில் நந்தி மலைக்கு அருகேயுள்ள முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் 1860 செப்டம்பர் 15இல் பிறந்தார். 1861 என்று எழுதுவோரும் உண்டு. முன்னோர் ஆந்திரப் பகுதியின் மோக்ஷகுண்டம் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். தந்தையை இளமையிலேயே இழந்தவர், பெங்களூரில் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் சென்ட்ரல் கல்லூரியில் படித்தார். அக்காலத்தில் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. எனவே 1881இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டமே. பின்னர் மைசூர் அரசின் உபகாரச் சம்பளத்தில் புனே அறிவியல் கல்லூரிக்குப் போய், 1883இல் பொறியியல் தேர்வில் முதலிடம் பெற்றார். 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியியலாளர் ஆனார். டியூஷன் சொல்லிக்கொடுத்துக் கல்விக் கடனைச் சமாளிக்கும் நம் நண்பர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகள் அவர் பார்த்தது முழுக்க முழுக்கக் களப்பணி. மேடைப் பேச்சுகளில் இவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் நிறைய உண்டு: ஓடும் ரயிலின் ஓசையைக் கேட்டே தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்தார் என்பார்கள், அரசாங்க வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி என்பார்கள். இவற்றை நான் ஒதுக்கிவைக்கிறேன். அவர் உண்மையில் செய்தவையே போதுமான அளவுக்கு வியப்பானவை.

1894இல் சிந்து நதிக்கரையில் உள்ள சக்கர் நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் வேலை அவரிடம் வந்தது. ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் நீரெல்லாம் வண்டல். வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டினார். மணல் வழியாக ஊறிவந்த நீர் தெளிந்தே வந்தது. ஆற்றையே வடிகட்டியாக்கிவிட்டார் எனலாம். 1903இல் புனேக்கு அருகே கடக்வாஸ்லா அணையில் தானியங்கி மதகுகளைப் பொருத்தினார். வெள்ளம் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் மதகு தானாகத் திறக்கும். நீர் வடிந்தால் தானாக மூடிக்கொள்ளும். சுவரை உயர்த்திக் கட்டாமலேயே அணையில் கூடுதலாக நீரைத் தேக்க முடிந்தது. அந்த மதகுக்குக் காப்புரிமையும் பெற்றார்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப்படுவது தக்காணத்துக் கால்வாய்களில் அவர் கொண்டுவந்த பாசன முறை. வாய்க்காலின் தலைப்பில் நிலம் வைத்திருந்தவர்கள் கரும்புக்கு விருப்பம்போல் நீர் பாய்ச்சினார்கள். மண் உவராகி, கொசு பெருகி, கடைமடைக்காரர்களுக்கு ஒன்றும் கிடைக்காத நிலை. நிலங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் கரும்புக்கான நீர், மீதிக்குக் குறைந்த நீரில் விளையும் பயிர்கள் என்று வரையறுத்தார். உழவர்கள் எதிர்த்தார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து ஆணை பிறப்பிக்காமல், அவர்களிடம் போய்ப் பேசித்தான் அம்முறையை நிலைநாட்டினார். மதகு இரும்பால் ஆனது, சொன்னபடி கேட்கும், மனிதர்கள் அப்படியல்லர். ஆலோசகர் என்ற பெயர் அவருக்குப் பின்னாளில்தான் வந்தது. ஆனால் அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டது இங்கேதான் என்று தோன்றுகிறது.

1906இல் ஏடன் துறைமுகம் வரை அனுப்பப்பட்டு அங்குள்ள படைமுகாமின் குடிநீர், கழிவுநீர்ப் பிரச்சினைகளை ஆராய்ந்தார். தம்மைவிட மூத்தவர்கள் பலரைத் தாண்டி உயர் பொறுப்புக்கும் வந்திருந்தார். அதோடு பாதை நின்றது. தலைமைப் பொறியியலாளர் பதவி அன்றைய பம்பாய் மாகாணத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. புலம்பிக்கொண்டே ஓய்வுக்காலம் வரை ஓட்டியிருக்கலாம். ஓய்வூதியத்துக்கு வேண்டிய 25 ஆண்டுச் சேவை நிறைவதற்குச் சிறிது காலமே பாக்கி. அதையும் பொருட்படுத்தாமல் 1908இல் விலகினார். அரசு அவருடைய பணியைக் கருதி ஓய்வூதியத்தைக் கொடுத்துவிட்டது என்பது வேறு விஷயம். விலகியபோது அதை நம்பி அவர் விலகவில்லை.

விலகியவர் சொந்தச் செலவில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் புறப்பட்டார். அணைகளையும் தொழிற்சாலைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வேளையில் ஹைதராபாத் நிஜாம் அரசாங்கத்திடமிருந்து அழைப்பு வந்தது.

1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு ஹைதராபாத்தை விழுங்கியிருந்தது. மாண்டவர்கள் சுமார் 15,000 பேர். அப்சல்கஞ்ச் மருத்துவமனைத் தோட்டத்துப் புளியமரம் ஒன்றில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் மட்டும் அந்த மரத்தின் புண்ணியத்தில் பிழைத்தார்கள். அந்த மரம் இன்னமும் நிற்கிறது. நகரத்தைத் திருத்தியமைக்கவும் இன்னொரு வெள்ளம் வராமல் காக்கவும் வழி சொல்ல வேண்டும் என்பதே நிஜாம் அரசின் வேண்டுகோள். 1909 ஏப்ரலில் தனி ஆலோசகப் பொறியியலாளராக அவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அவர் முதலில் பார்த்தது நகரத்தை அன்று, மேட்டுப்பகுதியை. மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. மழை கொட்டிய இரவில் ஒன்றின் கரை உடைய, அந்த நீர் கீழே இருந்த ஏரியை உடைக்க, இப்படியே 221 ஏரிகள் உடைந்திருந்தன. ஆகவே நகரத்துக்குள் கரையை உயர்த்துவது மட்டும் பயன்தராது என்பது அவர் முடிவு. நகரத்துக்கு மேலே, மூசியிலும் அதன் துணையாறான ஈசியிலும் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும். வெள்ளத்தை அங்கேயே பிடித்துவைத்து, ஆறு தாங்கும் அளவுக்கு மட்டும் கீழே விட வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஏழு மாதத்தில் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். கட்டிமுடிக்க ஆண்டுகள் பிடித்தன: உஸ்மான் சாகர் 1920இல், ஹிமாயத் சாகர் 1927இல். வெள்ளத்துக்காகக் கட்டியவை ஊருக்குக் குடிநீரும் கொடுத்தன. 2020 அக்டோபரில் ஹைதராபாத் மறுபடியும் மூழ்கியது. ஆனால் அம்முறை கீழே நகரத்துக்குள் ஏரிகளும் ஓடைகளும் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தன. அதற்கு 1909ஆம் ஆண்டு அறிக்கையைக் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் மைசூர் அரசு அவரைத் தலைமைப் பொறியியலாளராக அழைத்தது. உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சாலை, கட்டடம் என்ற வழக்கமான வேலைகளுக்கு மட்டும் தாம் வர விரும்பவில்லை என்பதைத் தெரிவித்தார். தொழிற்கல்விக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இடமுண்டா என்று கேட்டு, உறுதி கிடைத்த பின்பே 1909 நவம்பரில் பொறுப்பேற்றார். வேலை கேட்டுப் போகிறவர் நிபந்தனை வைப்பதில்லை. வேலையை விடத் தெரிந்தவர்தான் வைக்கிறார்.

காவிரி விவகாரம் இங்கே தொடங்குகிறது. கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து 1902 முதல் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வயலில் சுரங்கம் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். மாண்டியா பக்கமோ மழையை நம்பிய வறண்ட பூமி. இரண்டுக்கும் தீர்வாகக் கண்ணம்பாடியில் அணை கட்டத் திட்டமிட்டார். செலவு சுமார் இரண்டரைக் கோடி ரூபாய். நிதித்துறை மறுத்தது, மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தயங்கினார். பெரிய வேலைக்கு இடமில்லாவிட்டால் தாம் இருந்து பயனில்லை என்ற எண்ணத்தில் இவர் ஒதுங்கத் தொடங்க, மகாராஜா காரணத்தை விசாரித்து அறிந்து 1911இல் அனுமதி வழங்கினார்.

சென்னை மாகாணம் எதிர்த்தது. தஞ்சை டெல்டாவின் பாசனம் பல நூற்றாண்டுகள் மூத்தது. மேலே தேக்கினால் கீழே என்ன மிஞ்சும் என்ற அச்சம் நியாயமானதே. சிறிய அணைக்கு, 11 டி.எம்.சி. நீருக்கு, சென்னை இணங்கியது. மைசூரோ 41.5 டி.எம்.சி. கொள்ளும் பெரிய அணைக்குத் தகுந்த அகலத்தில் அடித்தளம் போட்டது. பின்னாளில் உயர்த்திக்கொள்ளலாம் என்ற தொலைநோக்கு இது என்பது மைசூர்த் தரப்பு. இணக்கத்தை மீறிய செயல் என்பது சென்னைத் தரப்பு. 1914இல் நடுவராயிருந்த கிரிஃபின் மைசூருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, சென்னை மேல்முறையீடு செய்ய, முடிவில் 1924 பிப்ரவரி 18இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிருஷ்ணராஜசாகருக்கும் மேட்டூருக்கும் அதில்தான் வழி பிறந்தது. ஐம்பதாண்டுக்குப் பின் மறுஆய்வு என்ற அந்த ஒப்பந்தத்தின் விதி 1974இல் எப்படி வெடித்தது என்பது நாளிதழ் படிக்கும் எல்லாருக்கும் தெரியும்.

பொறியியலில் அவர் கணக்குப் பிசகவில்லை. சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்த்த சுர்க்கிச் சாந்தில் கட்டிய அணை அது, நிற்கிறது. கண்ணம்பாடி ஊரும் அதன் வேணுகோபாலசுவாமி கோயிலும் நீருக்குள் போயின, மாண்டியா கரும்புக்காடானது. ஆனால் கால்வாயில் தலைப்பு விவசாயிக்கும் கடைமடை விவசாயிக்கும் இடையே பங்கு பிரித்துக் கொடுத்த அதே மனிதர், ஒரு முழு ஆற்றில் தலைப்புக்காரரின் பக்கம் நின்றார் என்பதை நான் கவனிக்காமலிருக்க முடியவில்லை. சம்பளம் கொடுக்கும் அரசுக்கு உழைப்பது குற்றமன்று. ஆயினும் நடுநிலை ஆலோசகராக அவர் காவிரியைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி எனக்கு ஓயவில்லை.

1912 நவம்பரில் மைசூரின் திவான் ஆனார். பதவி ஏற்குமுன் உறவினர்களைக் கூட்டி, யாரும் தம்மிடம் சிபாரிசுக்கு வரக்கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டாராம். அடுத்த ஆறு ஆண்டுகளில் மைசூர் வங்கி, கன்னட சாகித்ய பரிஷத், மைசூர்ப் பல்கலைக்கழகம், பெங்களூர்ப் பொறியியல் கல்லூரி, சந்தன எண்ணெய், சோப்பு ஆலை, பத்ராவதி இரும்பாலைத் திட்டம் என்று வரிசையாக வந்தன. இவை பொது அறிவு நூல்களில் கிடைக்கும், நான் விரிக்கவில்லை.

விரிக்க வேண்டியது அவர் ஏன் போனார் என்பதை. மைசூர் அரசுப் பணிகளில் மிகப் பெரும்பான்மை பிராமணர் கையில் இருந்தது. பிராமணரல்லாதார் பிரதிநிதித்துவம் கேட்டனர். மகாராஜா அவர்கள்பால் பரிவு கொண்டு, 1918இல் தலைமை நீதிபதி மில்லரின் தலைமையில் குழு அமைத்தார். விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடில்லை. தகுதி ஒன்றே அளவுகோல், கல்வியைப் பரப்பினால் மற்றது தானே சரியாகும் என்பது அவர் நிலை. அவ்வாண்டு டிசம்பரில் பதவியை விட்டார். குழு 1919இல், ஏழாண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாத இடங்கள் பிராமணரல்லாத வகுப்பினருக்குச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்த நாட்டில் ஒதுக்கீடு என்ற சொல் காதில் விழுந்தாலே நமக்கு வேறு நினைவுகள் எழும். மெட்ரிகுலேஷன் இடத்துக்குக் காத்திருந்த வீடுகள் எத்தனை! எனவே தகுதி பற்றிய அவரது வாதம் நம் செவிக்கு இனிமையாகவே கேட்கும். ஆனால் அவசரப்படக் கூடாது. தாமே திண்ணைப் பள்ளியிலிருந்து ஏறி வந்தவர். ஏறுவதற்கு முன்பே சிலருக்கு ஏணி இருந்தது, பலருக்கு அந்தத் தெருவில் நடக்கவே உரிமையில்லை என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. நிலமட்டத்தை அளக்காமல் வாய்க்கால் வெட்ட மாட்டார் அவர். சமூகத்தில் அந்த மட்டத்தை அவர் அளக்கத் தவறினார் என்பதே என் கருத்து. அதேவேளை, உடன்பாடில்லாத கொள்கையை நாற்காலியில் அமர்ந்தபடியே உள்ளிருந்து கெடுக்காமல் எழுந்து போனார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது அவருக்கு 58 வயது. இன்னும் 43 ஆண்டுகள் வாழப்போகிறார். பெரும்பாலும் யாருடைய ஊழியராகவும் இல்லாமல். இன்று பெரிய நிறுவனத்தில் முப்பதாண்டு உழைத்து வெளியே வருபவர்கள் ஆலோசகர் என்று பெயரட்டை அடித்துக்கொள்வதைப் பார்க்கிறோம். இவர் அதற்கு வெகுகாலம் முன்பே அப்படிப்பட்ட வாழ்வை அமைத்துக்கொண்டார்.

பத்ராவதியில் தொடங்கியது அது. இரும்பாலை 1923இல் உற்பத்தி தொடங்கும்போதே போருக்குப் பிந்தைய விலைச் சரிவில் சிக்கியது. தம் திட்டம் மூழ்குவதைப் பார்த்தபின் அழைப்பை மறுக்கவில்லை. 1929 வரை நிர்வாகக் குழுத் தலைவராயிருந்து, செலவைக் கசக்கிப் பிழிந்து, ஆலையை நிமிர்த்தினார். அங்கே தமக்குச் சேரவேண்டிய ஊதியத்தை வாங்கவில்லை. இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் பள்ளி ஒன்று தொடங்கச் சொன்னார். அதற்கு அவர் பெயரையே வைக்க முயன்றபோது மறுத்து, அரச குடும்பத்துப் பெயரைச் சூட்டச் செய்தார். அதுதான் பெங்களூரின் ஸ்ரீ ஜெயசாமராஜேந்திரா தொழிற்பயிற்சி நிலையம்.

பின் வரிசை நீளமானது. 1921இல் பம்பாய் மாகாணத் தொழிற்கல்விக் குழு. 1925இல் இந்தியப் பொருளாதார விசாரணைக் குழு. 1926இல் பம்பாய் பேக் பே கடல்நிலத் திட்ட விசாரணை. 1929இல் நவாப் அலி நவாஸ் ஜங்குடன் சேர்ந்து சக்கர் அணை பற்றிய அறிக்கை. முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் கிணறு தோண்டிய அதே சக்கர்! 1927 முதல் 1955 வரை டாட்டா இரும்பு நிறுவனத்தின் இயக்குநர். 1934இல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். காங்கிரஸ் கட்சி தேசியத் திட்டக் குழு அமைத்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். ஒரிசா வெள்ளத்தை ஆராய காந்தியடிகள் கேட்டுக்கொண்டபோது, 1937இல் எழுபத்தேழு வயதில் மகாநதி டெல்டாவுக்குப் போனார்.

சொன்னதெல்லாம் நடந்துவிடவில்லை. ஆலோசகரின் கையில் அதிகாரமில்லை என்பதை அவர் மிகக் கசப்பாக உணர்ந்தது மோட்டார் வாகனத் தொழிற்சாலை விஷயத்தில். 1935இல் மேல்நாட்டுத் தொழிற்சாலைகளை நேரில் பார்த்துவந்து, பம்பாயில் கார் செய்யும் ஆலைக்கு முழுத் திட்டம் தீட்டினார். பம்பாயின் காங்கிரஸ் அமைச்சரவை ஆதரவளித்தது. 1939இல் அமைச்சரவை விலகியது. போரைக் காரணம் காட்டி இந்திய அரசு கையை விரித்தது. தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் அந்த முயற்சியைத் தொடர்ந்து 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெயரும் லாபமும் வேறொருவருக்கு. இவரிடம் மிஞ்சியது கோப்பு. ஆலோசனைத் தொழிலில் இது சகஜம் என்று அனுபவம் உள்ள நம் மூத்த பட்டதாரிகள் சொல்லக்கூடும்.

கடைசிப் பெரிய வேலை 1952இல். பீகாரில் கங்கையின் குறுக்கே பாலம் எங்கே கட்டுவது என்பதில் ஊருக்கு ஊர் போட்டி. அரசியல் அழுத்தம் வேறு. எந்த ஊருக்கும் வேண்டாதவரும் வேண்டியவரும் அல்லாத ஒருவர் தேவைப்பட்டார். தொண்ணூற்றிரண்டு வயதில் இடங்களைப் பார்வையிட்டு மொகாமாவைத் தேர்ந்தார். 1959இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது.

1955இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1960இல் நூற்றாண்டு விழாவன்று இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அதைப் பார்க்க அவர் உயிரோடிருந்தார். 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார். உடல் முத்தனஹள்ளிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நந்தி மலை கண்ணில் படும் அந்த ஊரிலேயே தகனம் செய்யப்பட்டது.